முதலில் முட்டி, பிறகு மரம்

என் முட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தபோது அங்கே இருந்தவர்கள்:

டாக்டர்.

நர்சம்மா. கையில் எனாமல் கிண்ணம்.

என் காலைப் பிடித்துக்கொள்ள ஒரு வார்டு ஆள்.

பக்கத்துக் கட்டில் பாஷா பாய். அவரை யாரும் கூப்பிடவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

என் பெண்சாதி கன்னியம்மா. வெளியே நிற்கச் சொன்னார்கள். நிற்கவில்லை.

அவள் தம்பி ஏழுமலை. உள்ளே வந்தான், ஊசியைப் பார்த்தான், வெளியே போனான்.

நான்.

ஊசி, காற்றுக்கு விரிக்கிற பாயைத் தைக்கிற ஊசி அளவு இருந்தது. வெந்தயம் ஊறின தண்ணீர் போல வந்தது. பாஷா பாய் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"நைனா, அரை ஆழாக்கு தேறும். கடல்ல கீறவனுக்கு முட்டிலயும் தண்ணிதான் கீது."

டாக்டர் சிரித்துவிட்டார். ஊசி அசைந்தது. அப்போதுதான் வலித்தது.

எங்கள் குப்பத்தில் முட்டி வலி இல்லாத ஆண்பிள்ளை குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே கிடக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தேன். தெரிந்தவரை எழுதுகிறேன்.

கட்டுமரத்தில் உட்கார இடம் கிடையாது. மண்டி போட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்துதான் துடுப்புப் போட வேண்டும். ராயபுரத்துக் கரையில் பத்து வயதில் மண்டி போட்டேன். இப்போது நாற்பத்திரண்டு. எங்கள் மரத்தில் இரண்டு பேர். பின்னால் ஏழுமலை. முன்னால் நான். அலை முதலில் அடிப்பது முன்னிடத்து ஆளை. அவன் வலது முட்டியை மரத்தில் ஊன்றித் தாங்கினால்தான் மரம் நேராகப் போகும்.

போன வருஷம் வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு. பிறகு கொட்டாங்கச்சி கவிழ்த்த மாதிரி. மரத்தில் இருக்கும்போது வலி குறைவு. கரைக்கு வந்து எழுந்து நிற்கும்போதுதான் வலி.

என்னென்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதையே செய்து நாட்களை வீணாக்க வேண்டாம்.

சுறா எண்ணெய் தேய்த்தேன். நாற்றம் மிச்சம்.

சுடுமணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள் கன்னியம்மா. கொடுக்கிற நேரம் சுகம். அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டையில் ஒரு கட்டு வைத்தியர். முட்டை வெள்ளையும் உளுத்தம் மாவும் பச்சிலையும் வைத்து மூங்கில் பட்டை போட்டுக் கட்டினார். நல்ல கட்டு. கெட்டியாக நின்றது. பதினைந்து நாள் தண்ணீர் படக்கூடாது என்றார். "என் பொழப்பு தண்ணிலதான் ஐயா" என்றேன். "அப்ப ஏன் வந்தே?" என்றார். மூன்றாம் நாள் பிரித்தேன். குற்றம் அவர் மேல் இல்லை.

பிராட்வேயில் ஒரு கடையில் தோலில் செய்த முட்டி உறை இருந்தது. இரண்டு பக்கமும் பக்கிள். போட்டுப் பார்த்தேன். படி ஏறி இறங்கினேன், நன்றாக இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோல் விறைத்துவிடும், பக்கிள் துருப்பிடிக்கும் என்று எனக்கே தெரியும். வைத்துவிட்டு டிராம் ஏறினேன்.

உடைந்த துடுப்பைச் சீவி ஏழுமலை ஒரு கைத்தடி செய்து கொடுத்தான். "கெய்வன் தடிடா இது, எனக்கு இன்னா வயசாச்சு" என்று கூரை மேல் எறிந்தேன். அதைப் பிறகு எடுக்க வேண்டி வந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

புரட்டாசியில் கவலை மீன் நன்றாகப் பட்டது. ஒரு நாள் கரையில் இருந்தாலும் நஷ்டம். மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டித்தான் கடலில் தள்ளுவோம். நனைந்தால் கயிறு இன்னும் இறுகும். அலை அடித்தாலும் கட்டை விலகாது. அதைப் பார்த்ததும் யோசனை வந்தது. மரத்துக்கு நிற்கிற கட்டு முட்டிக்கு நிற்காதா?

வலைக்குப் போடுகிற புது நூல் கயிறு இருந்தது. அதை எடுத்து முட்டிக்கு மேலே ஏழு சுற்று, கீழே ஏழு சுற்று, குறுக்கே பின்னல். மரத்துக்குப் போடுகிற அதே முடிச்சு. ஏழுமலை பார்த்துக்கொண்டே நின்றான்.

"மாமா, கால கட்டறியா, மரத்த கட்டறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். தள்ளு."

சொன்னால் நம்பமாட்டீர்கள். அன்று வலியே இல்லை. கயிறு நனைய நனைய இறுகியது. இறுக இறுக வலி போனது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று நினைத்தேன். கரைக்கு வந்ததும் வழக்கம் போல மரத்தை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் உலரப் போட்டோம். அவிழ்க்காவிட்டால் கட்டை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். குப்பத்தில் யாரும் மரத்தைக் கட்டினபடியே விடமாட்டார்கள். காலை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. நல்ல கட்டுதானே, ஏன் கலைக்க வேண்டும் என்று அப்படியே படுத்தேன்.

மறுநாளும் போனேன். கால் மரத்துப்போயிருந்தது. அதைச் சுகம் என்று நினைத்தேன். மதியம் மரம் மணலில் மோதியது. குதித்தேன். கால் இருக்கிற இடம் தெரியவில்லை. விழுந்தேன். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. முடிச்சு சதைக்குள் போயிருந்தது. ஏழுமலை மீன் கத்தியால் அறுத்தான். ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் முதலில் கேட்டது இதுதான்.

"இதை யாருப்பா கட்டினது?"

"நான்தான் சார்."

"எத்தனை நேரம் இருந்தது?"

"நேத்து விடியக்காலம் கட்டினது."

அவர் என் பாதத்தைத் தொட்டார். அவர் தொட்டதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

கயிறு ரத்தம் போகிற வழியை அடைத்துவிட்டது என்று விளக்கினார். வழி திறந்தாயிற்று, இனி ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் கால் பிழைக்கும். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கன்னியம்மா கேட்டாள். அவர் "பார்ப்போம்மா" என்றார்.

கால் தலையணை மேல். தினம் காலையில் நர்சம்மா வந்து குண்டூசியால் உள்ளங்காலில் குத்துவார்.

"எல்லப்பன், குத்துதா?"

"இல்லம்மா."

இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. எனக்குப் பயம் அதிகம் வராது. அந்த மூன்று நாள் வந்தது. கால் இல்லாத ஆள் கட்டுமரத்தில் எப்படி உட்காருவான் என்று யோசித்துப் பார்த்தேன். உட்கார முடியாது.

நான்காம் நாள் சுண்டுவிரலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. "ஆ" என்றேன். நர்சம்மா மறுபடி குத்தினார். மறுபடி "ஆ" என்றேன். பாஷா பாய் பக்கத்திலிருந்து, "இன்னொரு தபா குத்துங்கம்மா, நைனா எப்பவாச்சும்தான் பேசறாரு" என்றார்.

பாஷா பாய் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். புளியந்தோப்பு வீடு. மூட்டை சரிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆள் சும்மா இருக்கமாட்டார். அந்த வார்டில் அவர் இருந்தது எனக்கு நல்லது.

கன்னியம்மா மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வருவாள். கஞ்சி கொண்டுவருவாள். கஞ்சிக்கு அடியில் வறுத்த நெத்திலி இருக்கும். வெளிச் சாப்பாடு கூடாது என்பது விதி. நர்சம்மா மோந்து பார்த்து, "இது என்ன வாசனை?" என்பார். "என் மேல வர்ற வாசனைம்மா, மீன்காரி" என்பாள் இவள். நர்சம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை.

வார்டில் காசு வாங்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

பாதத்துக்கு நிறம் வந்த பிறகு டாக்டர் முட்டிக்கு வந்தார். மெஷினில் படம் பிடித்தார்கள். எலும்பு ஓரத்தில் தேய்ந்திருக்கிறது, உடையவில்லை. முட்டிச் சில்லுக்கு முன்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை உண்டாம். எல்லாருக்கும் உண்டு. சில்லு தோலில் உரசாமல் இருக்க அது. ஓயாமல் மண்டி போடுகிறவர்களுக்கு அந்தப் பை நீர் கோத்து வீங்கும். பெரிய வீடுகளில் தரை துடைக்கிற பெண்களுக்கும் இது வருமாம்.

"மூணு வழி இருக்கு" என்றார் டாக்டர். "ஒண்ணு, பையை அறுத்து எடுக்கலாம். ரெண்டு மாசம் படுக்கை. தழும்பு மேல மண்டி போட முடியுமோ முடியாதோ, சொல்ல முடியாது. ரெண்டு, ஊசியால நீரை எடுத்துட்டு, துணி சுத்தி, காலுக்கு வேலை கொடுக்கலாம். நீ பொறுமையா செஞ்சாத்தான் பலன். மூணு, மண்டி போடறதையே விட்டுடலாம். துறைமுகத்துல வாட்ச்மேன் வேலை இருக்கும்."

கன்னியம்மா மூன்றாவதைக் கேட்டுக்கொண்டாள். அவள் முகம் அதன் பக்கம் போனது எனக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னது வேறு.

"இவுரு கேட்டாண்ட குந்திக்கினு கப்பல எண்ணிக்கினு இருப்பாரா? வூட்டுக்கு வந்து என் உயிர எடுப்பாரு. ரெண்டாவது பாருங்க சார்."

அன்று சாயங்காலம் ஏழுமலை வந்தான். கட்டில் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றான். முன்னிடத்துக்கு மாரி என்று ஒரு கூலி ஆள் வைத்திருந்தான். நல்ல ஆள். கை சுத்தம். தன்னைப் பங்காளியாகவே சேர்த்துக்கொள் என்று கேட்கிறானாம். வேறு மரத்திலும் அவனைக் கூப்பிடுகிறார்களாம்.

"நீ இன்னா சொன்னே?"

"தை பொறக்கட்டும்னு சொன்னேன் மாமா. அதுக்கு மேல அவன நிறுத்த முடியாது. பாவம், அவனுக்கும் குடும்பம் கீது."

"சரியாத்தான் சொன்னே."

ஏழுமலை பண்ணியது நியாயம். தை பிறக்க இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் முன்னிடத்தில் மண்டி போட வேண்டும். இல்லாவிட்டால் அது மாரி இடம்.

நீர் எடுத்தார்கள். அதை முதலிலேயே சொன்னேன். பிறகு பஞ்சு வைத்துப் பிளானல் துணியை எட்டு எழுதுகிற மாதிரி முட்டிக்கு மேலும் கீழும் சுற்றினார் நர்சம்மா. நான் கட்டின கட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் துணிக்குள் தன் விரலை நுழைத்துக் காட்டினார். "விரல் போகணும். கால் விரல் நிறம் மாறக்கூடாது. படுக்கும்போது அவிழ்க்கணும்." கன்னியம்மாவுக்கும் சுற்றக் கற்றுக்கொடுத்தார். இவள் முதல் தடவையே சரியாகச் சுற்றினாள்.

பாஷா பாய் கேட்டார். "நைனா, மரத்த தெனம் அவுக்கறியாமே. கால ஏன்யா அவுக்கல?"

நான் துணிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அதை எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும். தோல் உறை, துணி, பட்டை எல்லாம் வெளிக்கட்டு. உள்கட்டு தொடைச் சதை. அது பலமாக இருந்தால் முட்டி நிற்கும். வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் ஊன்றாமல் என் தொடை இளைத்துப்போயிருந்தது. நூல் வைத்து அளந்து காட்டினார். இடது தொடையைவிட இரண்டு விரற்கடை குறைவு.

கணுக்காலில் மணல் மூட்டை கட்டினார்கள். முட்டியை மடக்காமல் ஒரு சாண் தூக்கி இறக்க வேண்டும். முதல் நாள் ஆறு தடவை. ஏழாவது வரவில்லை.

"கரையிலிருந்து அலை தாண்ட எத்தனை துடுப்பு போடுவே?" என்று கேட்டார் டாக்டர்.

தெரியாது என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் போட்டிருக்கிறேன். எண்ணினதில்லை. யாரும் எண்ணமாட்டார்கள்.

"எத்தனைன்னு தெரிஞ்சா, அத்தனை தடவை மூட்டையைத் தூக்கணும். அப்புறம் கடலுக்குப் போ."

அவர் போய்விட்டார். கன்னியம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். கூடையில் மீன் இல்லை. கிளிஞ்சல். கரையில் நின்று மாரி துடுப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறாள். மடி நிறையக் கிளிஞ்சல் வைத்துக்கொண்டு, அவன் ஒரு துடுப்புப் போட ஒரு கிளிஞ்சலைக் கூடையில் போட்டிருக்கிறாள். அலை தாண்டினதும் நிறுத்தியிருக்கிறாள். வாயால் எண்ணினால் தப்பிவிடும் என்று இப்படிச் செய்தாளாம். எல்லாரும் பைத்தியம் என்று சிரித்தார்களாம்.

"சிரிச்சா சிரிக்கட்டும். எண்ணு" என்றாள்.

கட்டிலில் கொட்டினாள். மணலும் சேர்ந்து கொட்டியது. பாஷா பாய் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூட்டை எண்ணிப் பழகினவர். கடைக்காரர்கள் மரக்கால் அளக்கிற மாதிரி ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று ஆரம்பித்தார்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு…"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எண்பதில் நர்சம்மா வந்துவிட்டார். வெள்ளைத் துப்பட்டியில் கடற்கரை. "இது ஆஸ்பத்திரியா, கடலா?" என்று சத்தம் போட்டார்.

"சத்தம் போடாதீங்கம்மா, கணக்கு தப்பிடும்" என்றார் பாஷா பாய். "எம்பத்தொண்ணு."

நர்சம்மா நின்றார். போகவில்லை. நூறு தாண்டினதும் அவரும் உதடு அசைத்தார்.

நூற்றுப் பன்னிரண்டு.

கடல் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது என்று டாக்டரிடம் சொன்னேன். "அது போதும்" என்றார்.

ஆறிலிருந்து பத்து. பத்திலிருந்து பதினெட்டு. பாஷா பாய் தினமும் லாபத்திலிருந்து எண்ணினார். நான் நடுவில் நிறுத்தினால் திட்டுவார். "இன்னா நைனா, கப்பல் கெளம்பிடும், தூக்கு." நாற்பது வந்தபோது என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கைத்தடி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஏழுமலை கூரை மேலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தான். நீட்டினான். வாங்கிக்கொண்டேன். இடது கையில் பிடிக்க வேண்டும், வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். நான் வலது கையில் பிடித்திருந்தேன். நர்சம்மா வாசல் வரை வந்து மாற்றிவிட்டார்.

போகும்போது பாஷா பாய், "வஞ்சிரம் பட்டா அனுப்பு" என்றார். பிறகு அனுப்பினேன்.

வீட்டில் மணல் மூட்டைக்குக் குறைவில்லை. காலையும் மாலையும் தூக்கினேன். மார்கழி முதல் வாரம் நூறு. பத்து நாள் கழித்து நூற்றுப் பன்னிரண்டு. அன்று கன்னியம்மா சுறாப்புட்டு செய்தாள்.

இனி கடலுக்குக் கட்டு. பிளானல் துணி நனைந்தால் கல் மாதிரி கனக்கும். தோல் ஆகாது. கயிறு என் ஜென்மத்துக்கும் வேண்டாம். நானே யோசித்தேன். மரத்தின் பழைய பாய்த் துணியில் ஒரு பட்டை வெட்டினேன். அது நனைந்து வெளுத்து, இனி சுருங்கச் சுருக்கம் பாக்கியில்லாத துணி. முட்டிச் சில்லுக்கு நேராக வட்டமாக ஓட்டை விட்டேன், பை நசுங்காமல் இருக்க. ஓரத்தைக் கன்னியம்மா தைத்தாள். இரண்டு நாடா, ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. விரல் நுழைகிற தளர்ச்சி. மண்டிக்கு அடியில் போட, பழைய வலையை எட்டாக மடித்துப் பாய்த் துணிக்குள் வைத்துத் தைத்த ஒரு மெத்தை. மரத்தோடு கட்டிவிடலாம், அலையில் போகாது.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார்.

"இதைப் படம் வரைஞ்சு வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வெச்சுக்குங்க சார்."

அரைமணிக்கு ஒரு தடவை காலை மாற்ற வேண்டும், கரைக்கு வந்ததும் அவிழ்க்க வேண்டும் என்றார். முதலில் முட்டி, பிறகு மரம். அதை நானே சொன்னேன்.

தை பிறக்க மூன்று நாள் இருந்தது. விடிந்துவிட்டது. கரையில் மாரி நின்றான். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் மெத்தையை முன்னிடத்தில் கட்டினேன். மாரி வந்து மறுமுனையைப் பிடித்து முடிச்சை இறுக்கிக் கொடுத்தான். "போய்ட்டு வாண்ணா" என்றான். அவன் அதற்கு முன்பே வேறு மரத்தில் தனக்கு இடம் பேசி வைத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. கன்னியம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டானாம், நான் எத்தனை தூக்குகிறேன் என்று.

மண்டி போட்டேன். முட்டி குத்தியது. பொறுக்கிற குத்து.

"மாமா?" என்றான் ஏழுமலை பின்னாலிருந்து.

"தள்ளு."

முதல் அலை ஏறியது. இரண்டாவது முகத்தில் அடித்தது. மூன்றாவது பெரியது. மரம் நட்டுக்க நின்றது. வலது முட்டியை ஊன்றினேன். நின்றது. மரம் நேராக விழுந்தது. நான் எண்ணவில்லை. எண்ணுகிற நினைப்பே இல்லை. அலை தாண்டினதும் தண்ணீர் பச்சையாக இருந்தது. ஏழுமலை பாட்டு ஒன்றை ஆரம்பித்துப் பாதியில் மறந்துவிட்டான்.

மதியம் திரும்பினோம். காலா மீன் கொஞ்சம், கவலை கொஞ்சம். மணலில் உட்கார்ந்து நாடாவை இழுத்தேன். முட்டியை அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் ஊறியிருந்தது. கொட்டாங்கச்சி இல்லை. எலுமிச்சையும் இல்லை. நெல்லிக்காய். கால் விரல்கள் சிவப்பாக இருந்தன. பிறகு எழுந்து ஏழுமலையோடு மரத்தை அவிழ்த்தேன்.

கன்னியம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். காலையில் நாங்கள் போனபோது நின்ற இடத்தில்தான் நின்றிருக்கிறாள். கூடையை என் முன்னால் மணலில் கவிழ்த்தாள். கிளிஞ்சல்.

"எத்தினி மாமா?" என்றான் ஏழுமலை. "மாரியோட கம்மியா, ஜாஸ்தியா?"

"ஜாஸ்தியாதான் இருக்கும்" என்றேன். "வயசு கீதுல்ல."

கால் நீட்டி உட்கார்ந்து எண்ணினேன். லாபத்திலிருந்து ஆரம்பித்தேன். கன்னியம்மா எண்ணினதை எண்ணினதை எடுத்துக் கூடையில் போட்டாள்.

நூற்று இருபத்தாறு.